செம்பில் விழுந்த கோடு

நுழையும்முன்

ஒரே தகட்டிலிருந்து இருபது ஓவியங்கள் பிறக்கின்றன. அவற்றுள் அசல் எது, நகல் எது? இவ்வினாவிற்கான விடை, அச்சோவியக் கலைஞரின் கைத்திறனில் மட்டுமன்றி அவரது நேர்மையிலும் அடங்கியுள்ளது.

செப்பேடும் செப்புத்தகடும்

குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழியிலும் அதனையடுத்த பள்ளிமடத்திலும் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதே விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, பாண்டியர் செப்பேட்டால் அறியப்படுகிறது. மழை பொய்த்தாலும் மன்னர் மறைந்தாலும் கொடுத்த கொடை மாறலாகாது என்பதற்காகவே முன்னோர் கல்லிலும் செம்பிலும் எழுத்தைப் பொறித்தனர். செப்பேடு படிப்பதற்காகப் பொறிக்கப்பட்டது. அச்சோவியத் தகடோ பதிப்பதற்காகப் பொறிக்கப்படுகிறது.

ஐரோப்பாவில் போர்க்கவசங்களை அமிலத்தால் அழகுபடுத்திய நுட்பமே, 1500ஆம் ஆண்டையொட்டித் தாளில் அச்சிடும் கலையாக வளர்ந்தது. இதனை ‘எச்சிங்’ என்பர்.

அமிலம் வரையும் கோடு

கலைஞர் முதலில் செப்புத்தகட்டின் விளிம்புகளை அரத்தால் சரிவாக்குகிறார். கூரிய விளிம்பு தாளைக் கிழித்துவிடும். பின்னர்த் தகட்டை மெருகேற்றி, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, தேன்மெழுகும் கீலும் பிசினும் கலந்த பூச்சினை மெல்லியதாகப் பரப்புகிறார். அப்பூச்சின்மீது ஊசியால் வரையும்போது மெழுகு விலகிச் செம்பு வெளிப்படுகிறது. தாளில் படம் இடவலம் மாறிப் பதியும் என்பதால், தகட்டில் மாற்றியே வரைதல் வேண்டும்.

தகட்டின் பின்புறத்தையும் பூச்சினால் காத்தபின், அதனை ஃபெரிக் குளோரைடு கரைசலிலோ நீர்த்த நைட்ரிக் அமிலத்திலோ இடுவர். மெழுகு மூடிய இடம் தப்பும். ஊசி திறந்த இடம் அரிக்கப்படும். சிறிது நேரம் அரிக்கப்பட்ட கோடு மெலிந்தும், நெடுநேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழ்ந்து கறுத்தும் தோன்றும். போதிய அளவு அரிக்கப்பட்ட கோடுகளை அரக்குப் பூச்சினால் மூடிவிட்டு, எஞ்சியவற்றை மீண்டும் அமிலத்தில் இடுவதும் உண்டு. காலம் தவறினால் கோடு தடித்துவிடும். அதனைத் திருத்த, செம்பைச் சுரண்டி மீண்டும் மெருகேற்ற வேண்டும்.

கையால் பதித்தல்

பூச்சினை அகற்றிய தகட்டைச் சற்றே சூடாக்கி, எள்ளுருண்டைப் பாகுபோல் கெட்டியான மையைக் கோடுகளில் அழுத்தித் தேய்ப்பர். கோடைமழை நீர் கரிசல் வெடிப்புகளில் இறங்குவதுபோல மை பள்ளங்களில் தங்கும். மேற்பரப்பின் மையை மெல்லிய துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்தெடுப்பர். ஈரப்படுத்திய பருத்தித் தாளைத் தகட்டின்மேல் இட்டு, கம்பளித் துணியால் மூடி, அழுத்தும் உருளைகளிடையே செலுத்துவர். தாள் பள்ளங்களுக்குள் புகுந்து மையைக் கவர்ந்துகொள்ளும். தகட்டின் விளிம்பும் தாளில் ஒரு பள்ளமாகப் பதியும்.

அடுத்த தாளுக்கு மீண்டும் மையிட்டுத் துடைத்தல் வேண்டும். துடைக்கும் கையின் அழுத்தம் இருமுறை ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே ஒவ்வொரு தாளும் தனித்ததோர் அசலே.

மதுரையைக் காட்டிய தகடுகள்

தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் மதுரையை அடைந்து, சிதைந்து நின்ற திருமலை நாயக்கர் அரண்மனையை வரைந்தனர். தாயகம் திரும்பியபின், 1795 முதல் 1808 வரை இந்தியக் காட்சிகளை 144 அச்சோவியங்களாக வெளியிட்டனர். அவற்றில் கையாண்ட முறை ‘அக்வாடின்ட்’ ஆகும். பிசின்தூளைத் தகட்டில் தூவிச் சூடாக்க, துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் இடைவெளிகளை அமிலம் அரிப்பதால் நீர்வண்ணம் போன்ற நிழல் கிடைக்கும். ஒளிப்படக்கலை பிறவாத அக்காலத்தின் மதுரையை இன்று காண, அத்தகடுகள் துணைசெய்கின்றன.

தமிழகத்திலும் இக்கலை வேரூன்றியது. 1957இல் தேவகோட்டையில் பிறந்து சென்னையில் கலை பயின்ற ஆர். எம். பழனியப்பன், பறத்தலையும் வெளியையும் கோட்டின் இயக்கத்தையும் பொருளாகக்கொண்ட அச்சோவியங்களால் பெயர்பெற்றார்.

எண்ணும் உறுதிமொழி

அழுத்தம் தொடரத்தொடரச் செம்பின் நுண்கோடுகள் தேயும். எனவே, இக்காலக் கலைஞர் எத்தனை படிகள் என முன்னரே வரையறுக்கிறார். தாளின் அடியில் பென்சிலால் 3/20 என எழுதிக் கையொப்பமிடுகிறார். இருபது தாள்களுள் இது மூன்றாவது என்பது அதன் பொருள். இருபதும் முடிந்தபின் தகட்டின் குறுக்கே ஆழக் கீறி, அதனைப் பயனற்றதாக்குவோரும் உளர்.

இருபத்தொன்றாம் தாளை மறைவாக அச்சிடுவது எளிது, விலையும் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு தாள், முன்னைய இருபதிலும் எழுதிய எண்ணைப் பொய்யாக்கிவிடும். கொடுத்த சொல் மாறாதிருக்கச் செப்பேட்டைப் பொறித்தனர் முன்னோர். கொடுத்த சொல்லைக் காக்கத் தன் தகட்டையே கீறுகிறார் கலைஞர். இரண்டிலும் செம்பின்மீது விழுந்த கோடு, சொல் தவறாமைக்குச் சான்றாகிறது.