கால் முந்தியதா, ஒலி பிந்தியதா? புரொஜக்டரையும் லேப்டாப்பையும் சரியாக இணைக்க ஒரு பாடம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அத்தை ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு வீட்டுக்கு ஒரு புரொஜக்டர் வாங்கினார். உடனே சிதம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. "தம்பி, அக்காவோட நாட்டியாஞ்சலி டிவிடியை எடுத்துக்கிட்டு வா. டீச்சரையும் அழைச்சுக்கிட்டு வந்துடு. பெரிசாப் பார்க்கலாம்" என்றார்.

சிதம்பரத்தில் 1981ம் ஆண்டு முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடந்து வருகிறது. என் அக்கா 2009ல் அதில் ஆடினார். அதைப் பதிவு செய்த டிவிடி ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அக்காவுக்கு நடனம் சொல்லிக் கொடுத்த டீச்சருக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சின்ன டிவியில் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் இந்த ஏற்பாடு.

நான் சாப்ட்வேர் என்ஜினியர். லேப்டாப், எச்.டி.எம்.ஐ. கேபிள், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் இணைத்துவிட்டேன். சுவர் முழுக்கப் படம். ஆனால் மங்கல். கை அசைந்தால் வெட்டி வெட்டி நகர்ந்தது. மூன்றாவது நிமிடத்தில் டீச்சர் சொன்னார்: "ஏம்மா, கால் முந்துதே. தாளத்துக்கு முன்னாடியே விழுது. முதல் ஜதியிலேர்ந்தே இப்படித்தான் இருக்கு." அக்கா, "அன்னைக்கு அப்படித் தோணலையே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. பதினாறு வருடமாக நன்றாக ஆடினோம் என்று நினைத்திருந்தவர், காரில் ஊர் திரும்பும்வரை வாய் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் அன்று இரவு அத்தை வீட்டிலேயே தங்கி, அதே பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மேடையின் வலது ஓரத்தில் நட்டுவாங்கம் செய்பவர் தெரிந்தார். அவர் வேறு யாரும் இல்லை, டீச்சரேதான். அவர் கையில் தாளம் ஒன்றோடொன்று மோதுகிறது. சத்தம் அதற்குப் பிறகு வருகிறது! தாளம் போடுபவரின் கையே தாளத்துக்கு முந்த முடியுமா? முடியாது. ஆக, தவறு அக்காவிடம் இல்லை. நான் செய்த இணைப்பில் இருந்தது.

வீட்டில் புரொஜக்டர் வைத்திருப்பவர்கள் பலருக்கும் இதே மூன்று குறைகள் வரும்: மங்கல், வெட்டி நகர்தல், ஒலி பொருந்தாமை. மூன்றுக்கும் பெரும்பாலும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. மங்கல்: லூமென் கணக்கு

அத்தையின் புரொஜக்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் 9,000 லூமென் என்று போட்டிருந்தது. கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் 300 ஆன்சி லூமென் என்று இருந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். ஆன்சி அல்லது ஐ.எஸ்.ஓ. என்று குறிப்பிட்ட லூமென், திரையில் பல இடங்களில் ஒளியை அளந்து சராசரி எடுத்துச் சொல்லப்படுவது. வெறும் 'லூமென்' என்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்த ஒளி எவ்வளவு பெரிய திரையில் பரவுகிறது என்பது அடுத்த கேள்வி. கணக்கு எளிது: லூமெனைத் திரையின் பரப்பால் (சதுர அடியில்) வகுங்கள். கிடைப்பது ஃபுட் லாம்பர்ட் என்ற அளவு. சாதாரண வெள்ளைத் திரைக்கு இது போதும். திரையரங்குகளுக்கான டிஜிட்டல் சினிமா விதிமுறை 14 ஃபுட் லாம்பர்ட் என்கிறது.

நான் சுவர் முழுக்க 130 அங்குலத்துக்குப் படத்தை விரித்திருந்தேன். 16:9 அளவில் அதன் பரப்பு சுமார் 50 சதுர அடி. 300ஐ 50ஆல் வகுத்தால் 6. திரையரங்கில் பாதிகூட இல்லை. அதையே 80 அங்குலமாகச் சுருக்கினால் பரப்பு சுமார் 19 சதுர அடி. இப்போது 300ஐ 19ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16 வருகிறது. அதே புரொஜக்டர், அதே விளக்கு. திரையரங்கின் வெளிச்சம் கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கு இருட்டறைக்கு மட்டுமே பொருந்தும். புரொஜக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் கறுப்பு. ஜன்னல் வழியே வெயில் வந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். அத்தை வீட்டுக் கூடத்தில் மூன்று ஜன்னல்கள். நாங்கள் பார்த்தது மாலை நான்கு மணிக்கு! இருட்டிய பிறகு பாருங்கள், அல்லது ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள்.

திரை வாங்கவும் அவசரம் வேண்டாம். பளபளப்பு இல்லாத வெள்ளை எமல்ஷன் அடித்த சுவர் போதும். சுவர் சரியில்லை என்றால் எட்டு முழ வேட்டியைக் கட்டலாம். அதன் அகலம் ஏறத்தாழ 50 அங்குலம். 80 அங்குலப் படத்தின் உயரம் 39 அங்குலம்தான் என்பதால் கரை படத்தில் விழாது. வேட்டி வழியே ஒளி கசிந்து பின்னால் போகும். இரண்டாக மடித்துக் கட்டினால் அது குறையும்.

2. வெட்டி நகர்தல்: 50ஆ, 60ஆ?

நம் நாட்டில் தொலைக்காட்சியும் வீடியோ கேமராக்களும் பல ஆண்டுகள் 'பால்' முறையில் இயங்கின. அதில் விநாடிக்கு 25 ஃப்ரேம்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என இரண்டு பாதிகளாக எடுக்கப்படும். அதாவது விநாடிக்கு 50 பாதிகள். கல்யாண வீடியோ, அரங்கேற்ற வீடியோ என உங்கள் பீரோவில் இருக்கும் பழைய டிவிடிகளில் பல இப்படிப்பட்டவையே. லேப்டாப்போ வழக்கமாக விநாடிக்கு 60 முறை படத்தை அனுப்புகிறது. 50ஐ 60ல் நிரப்ப வேண்டும் என்றால், விநாடிக்குப் பத்து முறை ஒரே படம் இரண்டு தடவை காட்டப்படும். அதைத்தான் நம் கண் 'வெட்டல்' என்று உணர்கிறது. செய்தி வாசிப்பவரிடம் இது தெரியாது. சுழன்று ஆடுபவரிடம் நன்றாகத் தெரியும்.

சரி செய்யும் வழி (விண்டோஸ் 11):

முதலில் விண்டோஸ் கீயுடன் பி அழுத்தி, 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' என்று வைத்தால் லேப்டாப் திரையின் வேகத்தோடு புரொஜக்டரும் கட்டுப்பட்டுவிடக்கூடும்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே எனச் செல்லுங்கள். மேலே புரொஜக்டர் தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள். ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 50 ஹெர்ட்ஸ் இருந்தால் அதைக் கிளிக் செய்யுங்கள். எல்லாப் புரொஜக்டர்களிலும் இது இருக்காது. வாங்கும்முன் கடையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

பிறகு வி.எல்.சி. பிளேயரில் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதை 'ஆன்' செய்து, டீஇன்டர்லேஸ் மோடில் 'யாடிஃப் (2எக்ஸ்)' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பாதிகளும் தனித்தனிப் படமாகி, விநாடிக்கு 50 படங்கள் கிடைக்கும். இதைச் செய்யாவிட்டால் வேகமாக அசையும் கைவிரல்களின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். முத்திரைகளைப் பார்ப்பதே கஷ்டம்.

சினிமா பார்க்கும்போது நிலை வேறு. திரைப்படம் விநாடிக்கு 24 ஃப்ரேம்கள். அப்போது பட்டியலில் 24 ஹெர்ட்ஸ் இருந்தால் அதை வையுங்கள். உங்கள் ஃபைல் எந்த வகை என்று தெரியவில்லையா? வி.எல்.சி.யில் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் பகுதியில் ஃப்ரேம் ரேட் இருக்கும்.

இன்னொரு விஷயம். பழைய வீடியோக்கள் பெரும்பாலும் 4:3 அளவு கொண்டவை. படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுக்காதீர்கள். ஆடுபவர் குண்டாகத் தெரிவார். பிறகு வீட்டில் சாப்பாடு கிடைப்பது சந்தேகம்!

3. ஒலி பொருந்தாமை: முக்கியமான பாடம்

மங்கலும் வெட்டலும் கண்ணுக்குத் தொந்தரவு. ஆனால் பார்ப்பவர் மெஷினைத்தான் குறை சொல்வார். ஒலி விலகினால் ஆடியவரை, பாடியவரைக் குறை சொல்வார். அதனால்தான் இதற்கு அதிகக் கவனம் வேண்டும்.

அன்று என் இணைப்பு இப்படி இருந்தது: லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே புரொஜக்டர், புரொஜக்டரிலிருந்து ப்ளூடூத் வழியே ஸ்பீக்கர். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரம் பிடிக்கும். பொதுவாக இது 100 முதல் 250 மில்லி செகண்ட் வரை ஆகலாம். இந்தத் தாமதம் புரொஜக்டருக்குப் பிறகு நடப்பதால் லேப்டாப்புக்கு அது தெரியவே தெரியாது. கால் விழுந்து கால் விநாடிக்குள் சலங்கைச் சத்தம் வருகிறது. அதனால்தான் கால் முந்துவதாகத் தோன்றியது.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஸ்பீக்கரை ஒயர் மூலம் லேப்டாப்பில் செருகினால் ஒலி உடனே வந்துவிடும். படமோ புரொஜக்டருக்குள் கீஸ்டோன் திருத்தம், படத்தை மெருகேற்றுதல் போன்ற வேலைகள் முடிந்து தாமதமாக வரும். இப்போது ஒலி முந்தும்.

இதில் எது மோசம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லி செகண்ட் முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 மில்லி செகண்ட் வரை தெரியாது. இயற்கையில் மின்னலுக்குப் பிறகுதான் இடி. பிந்தும் ஒலிக்கு நாம் பழகியவர்கள். ஆனால் தாளத்திலேயே வாழ்ந்த ஒருவருக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது.

சரி செய்யும் வழி:

முடிந்தவரை ஒயர் இணைப்பையே பயன்படுத்துங்கள். லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு 3.5 எம்.எம். கேபிள் போதும். புரொஜக்டரை நேராக வைத்து கீஸ்டோன் திருத்தத்தை நிறுத்துங்கள். மெனுவில் 'கேம் மோட்' இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். படத்தின் தாமதம் குறையும்.

அடுத்து, உங்கள் மொபைலில் நீங்களே கை தட்டுவதை வீடியோ எடுங்கள். விநாடிக்கு ஒரு தட்டு, ஒரு நிமிடம். அந்த ஃபைலை லேப்டாப்பில் போட்டு, முழு இணைப்பு வழியாக வி.எல்.சி.யில் ஓட்டுங்கள். கை சேருவதற்குப் பிறகு ஒலி வந்தால் ஜே கீயை அழுத்துங்கள். முன்பே வந்தால் கே கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 50 மில்லி செகண்ட் மாறும். திரையில் எண் காட்டும். மாறுபாடு அதிகமானால் அடுத்த கீயை அழுத்த வேண்டும் என்று அர்த்தம். ஒரே ஃப்ரேமுக்கு 40 மில்லி செகண்ட் ஆகும் வீடியோவில் இந்த அளவு துல்லியம் போதும்.

கிடைத்த எண்ணைக் காகிதத்தில் எழுதிப் புரொஜக்டர் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஃபைலைத் திறக்கும்போது மறுபடி வைக்க வேண்டியிருக்கும். ஸ்பீக்கரை மாற்றினால் எண்ணும் மாறும். சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

மறக்கக் கூடாத இரண்டு

ஒன்று: டிவிடி நிரந்தரமானதல்ல. அதில் உள்ள 'வீடியோ_டி.எஸ்.' ஃபோல்டரை அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் காப்பி செய்யுங்கள். இடம் மிச்சம் என்று கன்வெர்ட்டரில் போட்டு அசலைத் தூக்கி எறியாதீர்கள். பல கன்வெர்ட்டர்கள் 50 பாதிகளை 25 படங்களாக்கிவிடும். பாதி அசைவு போய்விடும்.

இரண்டு: கடலூர் போன்ற கடலோர ஊர்களில் லென்ஸில் ஈரம் சேரும். பயன்படுத்தாதபோது சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.

மறுபடியும் ஒரு காட்சி

அடுத்த ஞாயிறு அத்தையும் நானும் புரொஜக்டரைச் சிதம்பரத்துக்கு எடுத்து வந்தோம். டீச்சர் வீட்டுக் கூடம். இரவு ஏழரை மணி. கதவு, ஜன்னல் மூடியாயிற்று. வேட்டித் திரை, 80 அங்குலம், 50 ஹெர்ட்ஸ், ஒயர் ஸ்பீக்கர், கே கீ இரண்டு அழுத்தல். முதலில் டீச்சரின் கையைத்தான் காட்டினேன். தாளம் மோதியதும் சத்தம் வந்தது. "இப்ப சரி" என்றார். நடந்ததை விளக்கினேன். "அப்ப நான்தான் குழந்தையைத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நாற்காலிக் கையில் தாளம் போட்டபடியே முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: "எல்லாம் நல்லா இருக்கு. மூணாவது ஜதி முடியற இடத்துல மட்டும் கொஞ்சம் முந்திட்ட."

அக்கா சிரித்துவிட்டார். "ஆமாம் டீச்சர், அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

அந்த ஒரு பிழை 2009ல் மேடையில் நடந்தது. மற்ற எல்லாம் என் இணைப்பில் நடந்தவை. உங்கள் வீட்டிலும் பழைய வீடியோவைப் பெரிய திரையில் போடுவதற்கு முன், அந்தக் கை தட்டல் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.