மிஸ்ஸிங் அடிக்கும் பழைய பிக்கப்: எந்த சிலிண்டர் என்று முதலில் கேளுங்கள்

விடியற்காலை நாலரை மணிக்கு வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றால், சுமை வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம் கேட்கும். காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி எடுக்கப் போகிறவை, அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் ஏற்றுகிறவை, ஒரகடத்துக்கு லோடு அடிக்கிறவை. ஒருநாள் அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஒரு வண்டி மட்டும் தாளம் தப்பியது.

"மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே. மூணு மாசமா இதே ரோதனை" என்றார் வண்டிக்காரத் தம்பி. நாலு சிலிண்டர் டீசல் பிக்கப், பழசு. அதற்குள் ஃபில்டரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. நாசில் நாலும் புதுசு. கடைசியாக பம்பையும் கழற்றி கேலிபரேஷனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு இது தாங்கக்கூடிய செலவே இல்லை. அவர் அதுவரை செய்த செலவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊரே நம்புகிற ஒரு நம்பிக்கை இருந்தது. அவற்றையும் அதுபோன்ற இன்னும் சிலவற்றையும் எடுத்துப் பார்ப்போம்.

"மிஸ்ஸிங்னா பிளக்கை மாத்து."

பெட்ரோல் வண்டிக்குச் சரி. பழைய ஆம்னியில் மூன்று சிலிண்டர், மூன்று ஸ்பார்க் பிளக். நம் ஊர்ப் பழைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் என்று ஒன்று கிடையாது. உள்ளே வரும் காற்றைப் பதினேழு, இருபது மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினும், வாலாஜாபாத்தில் நிற்கும் பிக்கப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். சில வண்டிகளில் இருக்கும் ஹீட்டர் பிளக், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்கு உதவும் சூடேற்றி. அது கெட்டால் காலையில் கிளப்பும்போதும் அடுத்த சில நிமிடங்களும் தொந்தரவு இருக்கும். மத்தியானம் லோடோடு போகும்போது அடிக்கும் மிஸ்ஸிங்குக்கு அதன்மேல் பழி போடக் கூடாது.

"நாசில் எல்லாத்தையும் ஒட்டுக்கா மாத்திட்டா போயிடும்."

அதிகப் பணத்தை விழுங்குவது இந்த நம்பிக்கைதான். எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: ஒரே சிலிண்டர் படுத்திருக்கிறதா, இல்லை அடி தவறுவது சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறுகிறதா?

பழைய பம்ப் வண்டியில் இதற்குக் கருவியே வேண்டாம். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனத்தின் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பல மெக்கானிக்குகள் 'மைக்கோ பம்ப்' என்கிறார்கள். அந்த வகை வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் பைப்பைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் படுத்திருப்பது அந்தச் சிலிண்டர். பிறகு அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டுங்கள். கோளாறும் கூடவே போனால் இன்ஜெக்டர் கெட்டது உறுதி. கோளாறு அங்கேயே நின்றால் புது நாசில் வாங்கும் காசு மிச்சம். டேப்பெட், வால்வு, கம்ப்ரஷன், அந்தச் சிலிண்டருக்கான பம்ப் எலிமெண்ட் என்று தேட வேண்டும். அதில் முதலில் டேப்பெட். வால்வு சீட்டிங் தேயத் தேய டேப்பெட் இடைவெளி குறையும். அடியோடு குறைந்துவிட்டால் எஞ்சின் சூடேறியதும் வால்வு முழுக்க மூடாது. ஒரு ஃபீலர் கேஜும் அரை மணி நேரமும் போதும், ஆனால் இதைக் கடைசியில்தான் பார்க்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நட்டைத் தளர்த்தும் இந்த வேலை காமன் ரெயில் எஞ்சினில் கூடவே கூடாது. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் முதற்கொண்டு பல பிக்கப்புகள் காமன் ரெயில்தான். பஞ்சர் கடையில் சின்ன லோடு வண்டி டயருக்கு அடிக்கும் காற்று நாலைந்து பார். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான இந்த ரெயில் குழாயில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஊசிமுனைத் துவாரம் வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். முதலில் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரலே போகும் நிலை வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சளோ களிம்போ வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய பம்ப் வண்டியிலும் துணியைச் சுற்றி, முகத்தை விலக்கித்தான் நட்டைத் தொட வேண்டும். டீசல் பீய்ச்சுகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

காமன் ரெயிலுக்கு வேறு வழி உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், மற்றவற்றைவிட மிக அதிகமாக நிறையும் பாட்டில் தேய்ந்த இன்ஜெக்டரைக் காட்டிக்கொடுக்கும்.

"எங்கேயும் ஒழுகல, அதனால ஏர் ஏற வழியில்ல."

தம்பியின் வண்டிக்கு வருவோம். நாலு பைப்பையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தோம். நாலுக்கும் எஞ்சின் தடுமாறியது. எந்தச் சிலிண்டரும் படுக்கவில்லை, மிஸ்ஸிங் மாறி மாறி அடித்தது. அப்படியானால் கோளாறு நாலுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. கூடவே அவர் சொன்ன இன்னொன்று: ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது.

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சும் பக்கம் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நின்றிருக்கும்போது அந்த வழியாகவே காற்று புகுந்து, டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். தரை காய்ந்திருப்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோகிறோம். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு கண்ணாடி டியூபைப் பூட்டினோம். ரேஸ் கொடுத்ததும் டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று ஓடியது. பிறகு ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, டேங்கை விட்டுவிட்டு நேரே அதிலிருந்து உறிஞ்சவிட்டோம். குமிழ் நின்றது, மிஸ்ஸிங்கும் நின்றது. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் கிளாம்புக்கு அடியில் மயிரிழை விரிசல். மூன்று மாதமாக அவரை அலைக்கழித்தது அதுதான்.

"வெள்ளைப் புகை வந்தா ஹெட் கேஸ்கெட் போச்சு."

எரியாத டீசலும் வெள்ளையாகத்தான் வரும், கண்ணை எரிக்கும். ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"ஸ்கேனர் போட்டா எல்லாம் சொல்லிடும்."

பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் மாறி மாறி அடிக்கிறது. எங்கே என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. அந்த எண்ணைப் பார்த்ததுமே இன்ஜெக்டர் விலையைச் சொல்கிறவரிடம் கம்ப்ரஷன் பார்த்தீர்களா என்று கேளுங்கள். டீசலுக்கு அது சாதாரணமாக 25 பாருக்கு மேல் இருக்கும். அளவு எவ்வளவு என்பதோடு, சிலிண்டர்களுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதையும் குறித்து வாங்குங்கள்.

"ஐட்லிங்கில ஆடுது, அப்போ மிஸ்ஸிங்தான்."

2005இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, 702 சிசியில் இரண்டே சிலிண்டர். அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்தாலும் கேபினே குலுங்கும். சைலன்சர் பக்கம் போய் நின்று கேளுங்கள். அடி சீராக விழுந்தால் எஞ்சினைத் தொட வேண்டாம், ரப்பரைப் பாருங்கள்.

தம்பி அன்று ஹோஸை மட்டும் மாற்றிக்கொண்டு, கேலிபரேஷன் பட்டறைக்கு போன் போட்டு பம்பைக் கழற்ற வேண்டாம் என்றார். மறுநாள் காலை நாலரைக்கு அந்த வண்டி அரைச் செல்ஃபில் பிடித்தது.