புண் ஆற்றும் மூலிகைகள்

தோல் நம் உடலுக்கு இயற்கை அளித்த கவசம். அதில் காயம் பட்டால் உடல் தானே அதை ஆற்றிக்கொள்கிறது. முதலில் இரத்தம் உறையும். பிறகு வீக்கம் கண்டு கிருமிகள் அழியும். அடுத்துப் புதிய சதை வளர்ந்து புண்வாய் மூடும். முடிவில் தழும்பு தோன்றி நாளடைவில் மங்கும். தழும்பு முதிர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எந்த மூலிகை எந்த நிலையில் உதவும் என்று அறிந்து பயன்படுத்துவதே முறையாகும்.

மஞ்சள்: இதிலுள்ள குர்குமின் வீக்கத்தைத் தணிக்கவும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கவும் வல்லது. ஆயினும் கடையில் வாங்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. ஆழமான புண்ணில் அதை அப்புதல் கூடாது.

சோற்றுக் கற்றாழை: சிறு தீக்காயத்திற்கு ஏற்றது. முதலில் காயத்தை ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, சோயா சாஸ் போன்றவற்றைத் தடவலாகாது. பிறகு, மடலை வெட்டி, மஞ்சள்நிறப் பாலை வடியவிட்டுக் கழுவி, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் பூசலாம். தோல் உரிந்த காயத்தில் பூச வேண்டாம்.

வல்லாரை: மலாய்க்காரர்கள் 'பெகாகா' என்று உலாமாக உண்ணும் கீரை இதுவே. இதிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்னும் பொருள், புதிய சதைக்கு வலுவூட்டும் கொலாஜன் உருவாகத் துணைபுரிகிறது. தழும்புக் களிம்புகள் பலவற்றில் வல்லாரைச் சாறு சேர்க்கப்படுவது இதனால்தான். புண் முழுதும் மூடிய பின்னரே இக்களிம்புகளைத் தடவ வேண்டும். காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்புக்கு மூலிகை போதாது; மருத்துவரை நாட வேண்டும்.

நீரிழிவு உள்ள அன்பர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பால்குடம், காவடி ஏந்தி வெறுங்காலுடன் சுடும் தார்ச்சாலையில் நடக்கிறோம், தீ மிதிக்கிறோம். நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்வை மங்கச் செய்வதால், கொப்புளம் கண்டாலும் வலி தெரியாது. வலி இல்லையே என்று மஞ்சள் பூசி வாரக்கணக்கில் காத்திருந்தால், விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். ஆகவே, நேர்த்திக்கடனுக்கு முன்பே மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கழுவி, விளக்கொளியில் உற்றுப் பாருங்கள். இயலாதவர்களுக்கு வீட்டார் பார்த்துச் சொல்லட்டும். சிறு புண் தென்பட்டாலும் அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, துருப்பிடித்த ஆணி குத்திய காயம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

மூலிகையின் அருமையை உணர்ந்த நம் முன்னோர் அதன் எல்லையையும் அறிந்தே மருத்துவரை நாடினர். நாமும் அவ்வழி நின்று, இறைவன் தந்த உடலைப் பேணி, அவன் திருப்பணியில் பல்லாண்டு ஈடுபடுவோமாக.