தோற்ற நாடும் ஒரு வங்கியாளரும்

காளஹஸ்தியிலிருந்து தென்கிழக்கே சென்றால், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ முதலிய ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகளைக் காணலாம். நம் பகுதிக்கு முதலீடு கொண்டுவந்துள்ள அந்நாடு, 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது சாம்பல் மேடாகக் கிடந்தது. 1952 ஏப்ரல் வரை அது அந்நியப் படைகளின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. அந்த ஏழாண்டுகளை ஒரு சேமிப்பாளரின் நிலையிலிருந்து பார்ப்போம்.

போர்ச் செலவுக்காக அச்சிட்ட பணமும் பொருள் தட்டுப்பாடும் சேர்ந்து விலைவாசியை ஏற்றின. 1946 பிப்ரவரியில் ஜப்பானிய அரசு வங்கி வைப்புகளை முடக்கியது. பழைய நோட்டுகளைக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். குடும்பத் தலைவர் மாதம் 300 யென்னும், மற்ற உறுப்பினர்க்குத் தலா 100 யென்னும் மட்டுமே புதிய நோட்டாக எடுக்கலாம். 2016 நவம்பரில் வரிசையில் நின்ற நமக்கு இக்காட்சி புதிதன்று. ஆனால் அங்கே விலையேற்றம் நிற்கவில்லை. எடுக்க முடியாத பணம் கணக்கிலேயே மதிப்பிழந்தது. போருக்கான விலையைச் சிறுகச் சிறுகச் சேமித்தவரும் கொடுத்தார்.

1947இல் தொடங்கப்பட்ட மறுசீரமைப்பு நிதி வங்கி நிலக்கரிக்கும் எஃகுக்கும் தாராளமாகக் கடன் அளித்தது. அதன் கடன் பத்திரங்களைப் பெரும்பாலும் மத்திய வங்கியே வாங்கியதால் புதிய நோட்டுகள் பெருகின. நிலக்கரி உற்பத்தி உயர்ந்தது. விலையும் உடன் உயர்ந்தது.

தொடக்கத்தில் நிலச்சீர்திருத்தம், பெருந்தொழில் குடும்பங்களின் பிடியைத் தளர்த்துதல் ஆகியவற்றில் முனைந்திருந்த அமெரிக்கா, பனிப்போர் முற்றியதும் ஜப்பானைத் தன் காலில் நிறுத்தவே விரும்பியது. 1949 பிப்ரவரியில் டெட்ராய்ட் நகர வங்கியொன்றின் தலைவரான ஜோசப் டாட்ஜ் டோக்கியோ வந்தார். வரவுக்குள் செலவு, மானியக் குறைப்பு, மறுசீரமைப்பு வங்கியின் புதுக்கடன்களுக்குத் தடை: கடன் கேட்டு வருபவரிடம் நாம் பேசும் பேச்சையே அவர் ஒரு நாட்டிடம் பேசினார். ஏப்ரல் 25 முதல் ஒரு டாலருக்கு 360 யென் என்ற நிலையான மாற்று விகிதம் நடைமுறைக்கு வந்தது.

விலையேற்றம் தணிந்தது; தொழில்கள் தள்ளாடின. டொயோட்டா திவாலின் விளிம்பை எட்டியது. மத்திய வங்கியின் நகோயா கிளை முன்னின்று பல வங்கிகளைச் சேர்த்துக் கடன் ஏற்பாடு செய்தது. விற்பனைப் பிரிவு தனி நிறுவனமாக்கப்பட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். 1950 ஜூனில் நிறுவனர் கிச்சிரோ டொயோடாவும் பதவி விலகினார். அதே மாதம் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. அமெரிக்கப் படையின் லாரி ஆணைகள் வந்து குவிந்தன.

மீட்சியின் பெருமை முழுவதையும் டாட்ஜுக்கு அளிப்பதை நாம் ஏற்பதற்கில்லை. அண்டை நாட்டின் துயரம் தந்த ஆணைகள் இல்லையேல், அவர் மருந்தே நோயாளியை வீழ்த்தியிருக்கக்கூடும். அதே வேளையில், கணக்கு ஒழுங்குபடாமல் அந்த வருவாய் வந்திருந்தால் அதுவும் விலையேற்றத்திலேயே கரைந்திருக்கும். 360 யென் விகிதம் 1971 வரை நிலைத்தது.

இந்தியா 1951ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் கலந்துகொள்ளவில்லை. 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்து, போர் இழப்பீட்டு உரிமையைக் கைவிட்டது. வைப்புகள் முடக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1958இல், ஜப்பான் தன் முதல் யென் கடனை வழங்கியது. அதைப் பெற்ற நாடு இந்தியா.