மூச்சின் நாட்குறிப்பு

நுழையும்முன்

நோய் வெளிப்படாத நாளில் நோயை அளப்பது எவ்வாறு? ஆஸ்துமா என்னும் ஈளைநோய் மருத்துவ அறிவியலின்முன் வைத்த வினா இது. இதற்கு விடைகாண மருத்துவமனையில் ஓர் ஆய்வுமுறை உருவாயிற்று. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்யத்தக்க எளிய அளவீடு ஒன்றும் உருவாயிற்று. அவ்விரண்டையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில், செய்யாற்றங்கரையை ஒட்டி அமைந்த ஊர் காவாந்தண்டலம். சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பருவங்களிலும் நெல் பயிராகும் மாவட்டம் இது. நெல் தூற்றும் களத்தில் தூசு எழும். அறுவடை முடிந்த வயலில் தாளடியை எரித்தால் புகை எழும். உத்திரமேரூர்ப் பகுதியின் கல்குவாரிகளும் கல்லரைக்கும் ஆலைகளும் காற்றில் தம் பங்கைச் சேர்க்கின்றன.

இவ்வூரில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்திக்கு ஆஸ்துமா இருப்பதாகக் கொள்வோம். தை அறுவடையின்போது அவளுக்கு மூன்று நாள் இழுப்பு. மருந்தில் அது தணிந்தது. மாசியில் மருத்துவர் அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபோது சீழ்க்கை ஒலி இல்லை. மூச்சளவியில் ஊதியபோதும் இயல்பான அளவே வந்தது. “நோய்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு உறிஞ்சு மருந்து? பழக்கமாகிவிடாதா?” என்று வீட்டில் கேட்டனர், மருந்து நின்றது. சித்திரையில் ஒருநாள் விறகடுப்பின் புகை சிறிது பட்டதுமே மூச்சு மீண்டும் இறுகியது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் நோய் எங்கே இருந்தது?

கூருணர்வு

மூச்சுக்குழல்களைச் சுற்றி மென்தசை இழைகள் அமைந்துள்ளன. தூசோ குளிர்காற்றோ புகையோ உட்புகும்போது அத்தசைகள் சற்றுச் சுருங்குதல் அனைவருக்கும் பொதுவான இயல்பு. ஆஸ்துமா உடையவரின் மூச்சுக்குழல் உட்சுவரிலோ நீடித்த அழற்சி உண்டு. அதனால் பிறரை ஒன்றும் செய்யாத சிறு தூண்டுதலுக்கும் அக்குழல்கள் மிகையாகச் சுருங்குகின்றன, உட்சுவர் வீங்குகிறது, சளி சுரந்து வழியை அடைக்கிறது. சிறு தூண்டுதலுக்குப் பெரிதாய் எதிர்வினையாற்றும் இத்தன்மையே மூச்சுக்குழல் கூருணர்வு.

இழுப்பு என்பது வெளித்தெரியும் நிகழ்ச்சி. கூருணர்வு அதற்கு அடியில் தொடரும் நிலை. முன்னது மணிக்கணக்கில் வந்து மறையும்; பின்னது வாரங்களாக, மாதங்களாக ஏறியும் இறங்கியும் நிற்கும். நம் மாணவியின் மாசி மாத மூச்சு அளவு பொய்யன்று. ஆனால் அது குழல்கள் அன்று திறந்திருந்தன என்பதை மட்டுமே கூறியது. அவை எவ்வளவு எளிதில் மூடக்கூடும் என்பதைக் கூறவில்லை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியிருந்ததைக் கண்டு சித்திரைப் பாசனத்திற்குக் கணக்கிடும் உழவர் எவரும் இலர். மடைக்கு அருகில் நாள்தோறும் நீர்மட்டத்தைப் பார்ப்பவருக்கே ஏரியின் போக்குத் தெரியும்.

தூண்டி அறிதல்

1846ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், ஸ்பைரோமீட்டர் எனப்படும் மூச்சளவியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். ஊதும் மூச்சின் மொத்த அளவை அது காட்டியது. 1947இல் பிரான்சு நாட்டின் டிஃபெனோ, ஊதத் தொடங்கிய முதல் நொடியில் வெளிவரும் அளவே முதன்மையானது என எடுத்துக்காட்டினார். குறுகிய குழலின் வழியே காற்று விரைந்து வெளியேற இயலாது அன்றோ! இன்றும் ‘முதல்நொடி மூச்சளவு’ ஆஸ்துமா ஆய்வின் அடிப்படையாக உள்ளது.

இதன்மேல் எழுந்ததே தூண்டல் ஆய்வு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் டொனால்டு காக்கிராஃப்ட், பிரடெரிக் ஹார்கிரீவ் ஆகியோர் 1977இல் இதற்குச் சீரான முறையொன்றை வெளியிட்டனர். அவர்கள் அப்போது பயன்படுத்தியது ஹிஸ்டமின். இன்று பெரிதும் பயன்படுவது மெத்தகோலின். முதலில் உப்புக்கரைசலின் நுண்துளி ஆவியை நோயாளி உள்ளிழுப்பார். அடுத்து மிகக் குறைந்த செறிவுள்ள மெத்தகோலின். பிறகு ஒவ்வொரு படியிலும் அதன் இருமடங்கு. ஒரு மில்லிலிட்டரில் 0.03 மில்லிகிராம் என்னும் அளவில் தொடங்கினால் பத்தாம் படியில் ஏறக்குறைய 16 மில்லிகிராமை எட்டும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் மூச்சு அளக்கப்படும். முதல்நொடி மூச்சளவு 20 விழுக்காடு குறைந்தவுடன் ஆய்வு நிறுத்தப்பட்டு, குழலை விரிக்கும் மருந்து தரப்படும். 2.5 லிட்டர் ஊதியவர் 2 லிட்டருக்கு இறங்கிவிட்டால் அதுவே எல்லை.

அந்த எல்லையைத் தொட எவ்வளவு செறிவு தேவைப்பட்டது என்பதே கூருணர்வின் அளவு. 16 மில்லிகிராமிலும் குறையாதவரின் குழல் இயல்பானது. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவிலேயே இறுகுவது கூருணர்வு மிகுந்தது. இவ்வாய்வு மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில், மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. மூச்சளவு ஏற்கெனவே மிகக் குறைந்திருப்போருக்கு இதனைச் செய்வதில்லை. தூசையோ புகையையோ கொண்டு வீட்டில் தூண்டிப் பார்க்க முனைவது உயிருக்கே ஊறு செய்யும்.

தன்னையே ஆய்வுக்களமாக்கியவர்

ஒருமுறை அளந்தால் ஓர் எண் கிடைக்கும். பலமுறை அளந்தால்தான் நோயின் போக்குத் தெரியும். இதனைத் தம் உடலிலேயே கண்டவர் இங்கிலாந்தில் பணியாற்றிய மருத்துவர் ரோஜர் அல்டூன்யான். அவரே ஆஸ்துமா உடையவர். கினிப்பன்றியின் உடற்செதில் அவருக்கு ஒவ்வாதது. அதன் சாற்றை வேண்டுமென்றே உள்ளிழுத்துத் தமக்கு இழுப்பை வருவித்துக்கொண்டு, புதிய சேர்மங்கள் அதனைத் தடுக்கின்றனவா என ஆண்டுக்கணக்கில், பல நூறு முறை அளந்தார். இம்முயற்சியின் விளைவே குரோமோகிளைகேட் என்னும் தடுப்பு மருந்து. இன்றைய ஆய்வு நெறிகள் இத்தகைய தன்சோதனையை எளிதில் ஏற்கமாட்டா, ஏற்காதிருப்பதே நன்று. ஆயினும் அவருடைய விடாமுயற்சி வியப்பிற்குரியது.

காக்கிராஃப்ட் குழுவினர் 1977இல் கண்ட மற்றோர் உண்மை நம் மாணவியின் கதைக்கு மிக நெருக்கமானது. ஒவ்வாப்பொருளை உள்ளிழுத்தபின், இழுப்பு தணிந்துவிட்டாலும், அதனோடு தொடர்பில்லாத ஹிஸ்டமினுக்கும் மூச்சுக்குழல் சில நாள்கள்வரை மிகுந்த கூருணர்வு காட்டியது. ஒவ்வாப்பொருளை மீண்டும் மீண்டும் உள்ளிழுப்போருக்கு அழற்சி தணிய வாய்ப்பே இராது. களத்துத் தூசினால் ஏறிய கூருணர்வு, அடுப்புப் புகைக்கும் வழி திறந்துவிடுகிறது. அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் நிறுத்திவிட்டால் அக்கூருணர்வு இறங்குவதற்குத் துணை ஏது?

அளவு கற்பித்தது

இழுப்பின் அறிகுறியைக் கண்டு மருந்தளவை முடிவு செய்வதா, கூருணர்வையும் அளந்து முடிவு செய்வதா? நெதர்லாந்தில் 75 பேரை இரண்டாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999இல் இதற்கு விடை வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு அறிகுறிகளையும் மூச்சளவையும் கொண்டு மருந்து தரப்பட்டது. மறு பிரிவினருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை செய்த மெத்தகோலின் ஆய்வும் சேர்த்துக் கருதப்பட்டது. முதற்பிரிவில் சிறு அளவிலான நோய்ப்பெருக்கம் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 0.43, இரண்டாம் பிரிவில் 0.23. இரண்டாம் பிரிவினர் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கூடுதலாகப் பெற்றனர் என்பதையும் மறைத்தல் கூடாது. அறிகுறி இல்லாதபோதும் கூருணர்வு நீடித்ததனால் அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

எனினும் இவ்வாய்வு எளிதில் எங்கும் செய்யக்கூடியதன்று. கருவியும் பயிற்சி பெற்றவரும் நேரமும் வேண்டும். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அத்தகைய சிறப்பு மருத்துவமனைக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை சென்றுவர, நாட்கூலியில் வாழும் குடும்பத்தால் இயலுமா?

திண்ணையில் ஓர் அளவீடு

1959இல் மார்ட்டின் ரைட் என்னும் ஆங்கிலேயர் உச்ச மூச்சோட்ட அளவியை அறிமுகப்படுத்தினார். அதன் இன்றைய வடிவம் கையடக்கமான நெகிழிக் குழல். மின்சாரம் வேண்டா, நிமிர்ந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, ஒரே வீச்சில் ஊதினால் முள் நகர்ந்து நிற்கும். மும்முறை ஊதி, மிகுதியான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இது கூருணர்வை நேரடியாக அளப்பதில்லை. அதன் நிழலை அளக்கிறது. கூருணர்வு மிகுந்த குழல் ஒரே நாளில் காலையில் குறுகியும் மாலையில் விரிந்தும் ஊசலாடும். நம் மாணவி காலையில் நிமிடத்திற்கு 300 லிட்டரும் மாலையில் 360 லிட்டரும் ஊதினாள் எனக் கொள்க. வேறுபாடு 60, சராசரி 330, ஊசலாட்டம் 18 விழுக்காடு. இரு வாரங்களின் சராசரி ஊசலாட்டம் வளர்ந்தோர்க்கு 10 விழுக்காட்டையும் சிறுவர்க்கு 13 விழுக்காட்டையும் தாண்டினால் அது இயல்பு மீறியதாகக் கருதப்படும். இழுப்பே இல்லாத மாசி மாதத்தில் அவளுடைய நாட்குறிப்பு 18, 16, 19 எனக் காட்டியிருக்குமானால், மருந்தை நிறுத்தலாமா என்னும் வினாவிற்கு வீட்டிலேயே விடை இருந்திருக்கும். அந்த ஏட்டைக் கண்டு மருந்தளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பணி.

இந்தியாவில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் ஆஸ்துமாவுடன் வாழ்கின்றனர். உலக ஆஸ்துமா நோயாளிகளுள் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால் இந்நோயால் இறப்போருள் பத்தில் நால்வர் இந்தியர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவிற்கு, தடுப்பு மருந்து கிட்டாமையும் கிட்டிய மருந்தை இழுப்பு நின்றதும் கைவிடுதலும் முதன்மையான காரணங்கள்.

கற்பவை கற்றபின்

ஒருவரின் உச்ச மூச்சோட்டம் ஐந்து நாள்களில் காலை 310, 300, 290, 320, 330 எனவும் மாலை 350, 350, 340, 350, 350 எனவும் பதிவாகியுள்ளது. நாள்தோறும் ஊசலாட்டத்தைக் கணக்கிட்டு வரைபடம் வரைக. மூன்றாம் நாள் இரவு அவர் வீட்டில் என்ன நிகழ்ந்திருக்கலாம் என அவரிடம் கேட்பதற்குரிய வினாக்களை எழுதுக.