அருளும் உரிமையும்

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே இலுப்பூர் என்னும் ஊர் உள்ளது. வான்மழையை நம்பிக் கண்மாய்களைக் காத்துப் பயிர் செய்யும் நாட்டுப்புறம் அது. அவ்வூரிலுள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில், ஒரு நாள் பதினோராம் வகுப்பில் அரசியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிமுறையே அன்றைய பாடப்பொருள்.

பாடம் தொடங்கியவுடன் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, கடல் கடந்து பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கும் ஒரு நாடு எவ்வாறு ஆளப்படுகின்றது என்பதை இலுப்பூரில் இருக்கும் நாம் கற்பதனால் வரும் பயன் யாது?” என்று வினவினான்.

ஆசிரியர் சினந்தாரல்லர். “நல்ல வினா. பாடம் முடிந்தபின் இதற்கு விடையை நீயே கூறலாம்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தார்.

“ஆங்கிலேய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 13 குடியேற்ற நாடுகள் 1776ஆம் ஆண்டில் தம் விடுதலையைப் பறைசாற்றின. போர் நிகழ்ந்தது, விடுதலையும் கிட்டியது. அதன்பின் அம்மக்கள் முன் ஒரு பெரிய வினா நின்றது. ‘மன்னரை நீக்கிவிட்டோம், அவரிடம் இருந்த அதிகாரத்தை இனி யாரிடம் ஒப்படைப்பது?’ என்பதே அவ்வினா. இதற்கு விடை காண 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் 55 பேராளர்கள் கூடினர். கோடைக்காலம் முழுதும் கதவுகளை அடைத்துக்கொண்டு வாதிட்டு, அரசமைப்புச் சட்டம் ஒன்றை வகுத்தனர்.

“அவர்கள் கண்ட வழியை நம் ஊர்க் கண்மாயைக்கொண்டே விளக்கலாம். கண்மாய் நீர் பயிருக்கு உயிர். ஆயினும் கரையின்றி ஓடினால் அந்நீரே ஊரை அழிக்கும். ஆதலின் நம் முன்னோர் கரை எடுத்தனர், மடைகள் வைத்தனர், மிகுநீர் வழியக் கலிங்கு அமைத்தனர். மடைகள் அனைத்தையும் ஒருவன் தன் விருப்பம்போலத் திறக்கவும் அடைக்கவும் விட்டாரல்லர். அதிகாரமும் நீர் போன்றதே. அரசமைப்புச் சட்டம் அதற்குக் கரை. அமெரிக்கர் அவ்வதிகாரத்தை மூன்று மடைகளாகப் பகுத்தனர். சட்டம் இயற்றுவது காங்கிரசு என்னும் மன்றம். சட்டத்தை நிறைவேற்றுபவர் குடியரசுத் தலைவர். சட்டத்தின் பொருளைத் தெளிவித்து வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றம்.”

இவ்வாறு கூறிய ஆசிரியர், கரும்பலகையில் மூன்று கட்டங்களை வரைந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அம்புக்குறிகள் இட்டார். “இவை பிரிந்து நிற்பதோடு ஒன்றையொன்று காத்தும் நிற்கின்றன. காங்கிரசு இயற்றும் சட்டத்தைத் தலைவர் மறுக்கலாம். ஈரவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் அம்மறுப்பை வெல்லலாம். அரசமைப்புக்கு மாறான சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளிக்கும் ஆற்றல் தனக்கு உண்டென்பதை 1803ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. 1974ஆம் ஆண்டில் நிக்சன் என்னும் தலைவர், தம் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க மறுத்தார். ஒப்படைத்தே ஆகவேண்டும் என்று அந்நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. உலகின் பெருவல்லமை படைத்த பதவியில் இருந்தவர் அத்தீர்ப்புக்குப் பணிந்தார், சின்னாட்களில் பதவியையும் துறந்தார்” என்றார்.

அடுத்து ஆசிரியர் நம் நாட்டு முறையை அதனோடு ஒப்பிட்டார். அமெரிக்கக் குடியரசுத் தலைவரே ஆட்சியை நடத்துபவர். நம் நாட்டிலோ, குடியரசுத் தலைவர் பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் அறிவுரைப்படி செயலாற்றுபவர். அங்கே அமைச்சர்கள் காங்கிரசின் உறுப்பினராக இருத்தல் ஆகாது. இங்கே அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினராக இருத்தல் வேண்டும். மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை முழுதும் விலகுதல் வேண்டும். அங்கே தலைவர் நான்கு ஆண்டுக் காலத்திற்கு நிலைத்திருப்பார். பெருங்குற்றம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவரை மன்றம் நீக்க இயலாது.

வினா எழுப்பிய மாணவன் இவற்றையெல்லாம் கூர்ந்து கேட்டான். ஆசிரியர் கேட்ட வினாக்களுக்கு உடனுக்குடன் விடையும் இறுத்தான். செனட்டு சபையில் 100 உறுப்பினர், மாநிலத்துக்கு இருவர் என்றான். பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உடையோர் 435 பேர் என்றான். ஆசிரியர் மகிழ்ந்து, “நன்று. இனி ஓர் எளிய வினா. நம் இலுப்பூர் எந்த மக்களவைத் தொகுதியில் அடங்கியது?” என்று கேட்டார்.

“புதுக்கோட்டைத் தொகுதியில், ஐயா.”

“அன்று. அப்பெயருடைய மக்களவைத் தொகுதி 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் நீக்கப்பட்டது. நம் ஊர் விராலிமலைச் சட்டமன்றத் தொகுதியைச் சார்ந்தது. விராலிமலையோ கரூர் மக்களவைத் தொகுதியின் ஒரு பகுதி.”

வகுப்பு அமைதியுற்றது. மாணவன் தலை கவிழ்ந்தான். ஆசிரியர் அவனைக் கனிவுடன் நோக்கி, “வருந்தற்க. இவ்வூரில் பலமுறை வாக்களித்த முதியோர் சிலர்க்கும் இது தெரியாது. ஆயினும் ஒன்றை நினைத்துப் பார். நமக்காகத் தில்லியில் பேசக் கடமைப்பட்டவர் யார் என்பதை அறியாவிட்டால், நம் குறையை யாரிடம் சொல்வோம்?” என்றார்.

பின்னர் அவர் புதுக்கோட்டையின் பழங்கதையைக் கூறலானார். “இன்றைய நம் மாவட்டத்தின் பெரும் பகுதி முன்னாளில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானமாக இருந்தது. அந்நகரில் 1886ஆம் ஆண்டில் முத்துலட்சுமி என்னும் பெண்மணி பிறந்தார். அவர் மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஆடவர் பயிலும் கல்லூரியில் ஒரு பெண் பயிலுதலாகாது என்று பலர் எதிர்த்தனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்ததால் அவர் பயின்றார். சென்னையில் மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார். 1927ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அங்கே தொடங்கிய முயற்சி, 1947ஆம் ஆண்டில் சட்டமாக நிறைவுற்றது. அம்மன்னரின் பெருந்தன்மை போற்றத்தக்கதே. ஆனால், மன்னர் மறுத்திருந்தால்?”

முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, “மறுத்திருந்தால் அவர் படித்திருக்க இயலாது, ஐயா. யாரிடம் முறையிடுவது?” என்றாள்.

“சரியாகச் சொன்னாய், அம்மா. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்பது பழமொழி. உரிமை இல்லாத காலத்தில் அருளே சர்க்கரையாக இருந்தது. அருள் இனியதே, எனினும் அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. இன்று நீ இவ்வகுப்பில் அமர்ந்திருப்பது எவர் அருளாலும் அன்று. பெண் என்பதனால் மட்டுமே உன்னை அரசு வேறுபடுத்தலாகாது என்று நம் அரசமைப்புச் சட்டம் விதிக்கின்றது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி பெறுவது ஒவ்வொரு குழந்தையின் அடிப்படை உரிமை. அது மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தின் வாயில் திறந்திருக்கின்றது.”

ஆசிரியர் தொடர்ந்து, “1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன் இறுதி மன்னர் இராசகோபாலத் தொண்டைமான். அரச குடும்பத்தின் புது அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகின்றது. திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர் கூட்டத்திற்கு நம் ஊர் உழவரும் மனுவோடு அங்குச் செல்கின்றார். முன்பு அங்கே நுழைய இசைவு வேண்டி நின்றவரின் பேரன், இன்று குடிமகனாக நுழைகின்றான். கட்டடம் அதுவே, அதனுள் நுழைபவரின் நிலைதான் மாறியது” என்றார்.

“அமெரிக்காவில் இம்மாற்றம் விரைவில் நிகழ்ந்ததா, ஐயா?” என்று வேறொரு மாணவன் கேட்டான்.

“இல்லை. எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று 1776ஆம் ஆண்டில் முழங்கிய நாட்டில் 1865ஆம் ஆண்டு வரை அடிமை முறை இருந்தது. பால் வேற்றுமை காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்னும் திருத்தம் 1920ஆம் ஆண்டில்தான் வந்தது. கறுப்பின மக்கள் பலர்க்குத் தென் மாநிலங்களில் வாக்குரிமை மெய்யாகக் கிட்டியது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. நம் நாடோ, ஏட்டறிவு பெற்றோர் மிகச் சிலராக இருந்த 1950ஆம் ஆண்டிலேயே, 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் ஒரே நாளில் வாக்குரிமை அளித்தது. அவ்வயது 1989ஆம் ஆண்டில் 18 ஆயிற்று. அவர்கள் நெடுங்காலம் போராடிப் பெற்ற ஒன்று நம் மக்களுக்குப் பிறப்போடு கிட்டியது. எளிதில் கிட்டிய பொருளின் அருமை எளிதில் மறக்கப்படும். பணத்துக்கோ பரிசுப்பொருளுக்கோ வாக்கை விற்பவன், உரிமையைக் கொடுத்துவிட்டு மீண்டும் அருளை வாங்குகின்றான்.”

பாடவேளை முடியும் தறுவாயில் ஆசிரியர், முதலில் வினவிய மாணவனை நோக்கி, “இனி உன் வினாவுக்கு நீயே விடை கூறு” என்றார்.

அவன் சிறிது எண்ணிப் பார்த்து, “பிறர் கண்மாயின் கரையைப் பார்த்து வந்தவன், தன் கண்மாயில் எங்கே உடைப்பு ஏற்படும் என்பதை அறிவான், ஐயா. அதற்காகவே அயல்நாட்டு ஆட்சியைக் கற்கின்றோம். ஆனால் கரை காக்கும் பணி நம் கண்மாயில்தான் இருக்கின்றது” என்றான். ஆசிரியரின் முகம் மலர்ந்தது.

மறுநாள் மாணவர் சிலர் ஆசிரியர் சொல்லாமலே ஒரு பணியை மேற்கொண்டனர். தத்தம் ஊரின் வார்டு எது, சட்டமன்றத் தொகுதி எது, மக்களவைத் தொகுதி எது, கிராம சபை எந்நாட்களில் கூடும் என்பவற்றைக் கேட்டறிந்து ஓர் அட்டையில் எழுதி வகுப்பறைச் சுவரில் மாட்டினர். எழுதப் படிக்க அறியாத தம் பாட்டிமார்க்கும் அதனை விளக்கிக் கூறினர்.

குடியாட்சியில் குடிமக்களே மன்னர் என்பர். தன் நாட்டின் எல்லையையும் கருவூலத்தையும் அறியாத மன்னன் பெயரளவில் மன்னனே. அவ்வாறே தன் உரிமையையும் கடமையையும் அறியாத குடிமகனும் பெயரளவில் குடிமகனே. உரிமை ஏட்டில் எழுதப்பட்டிருக்கலாம். அஃது உயிர்பெற்று விளங்குவது அதனை அறிந்தோரிடத்தேயாம்.

பயிற்சி

1. அமெரிக்க ஆட்சிமுறையில் அதிகாரம் எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளது?
2. இந்தியக் குடியரசுத் தலைவருக்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. “கட்டடம் அதுவே, அதனுள் நுழைபவரின் நிலைதான் மாறியது” – இக்கூற்றை விளக்குக.
4. அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை உம் ஊரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக்கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
5. உம் ஊர் அடங்கிய தொகுதிகளைக் கேட்டறிந்து அட்டவணை ஒன்று வரைக.