கலராக ஊசியா? குழுவில் பேசுவோம்



"நாலு ஊசி போட்டா பொண்ணு கலராயிடுவாளாம். டாக்டர்கிட்ட போனா ஆயிரக்கணக்குல ஆகும், பார்லர்ல கம்மிதான்." கல்யாணம் பேசும் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது. கையில் காசு குறைவாக உள்ளவர்கள்தான் மலிவான ஊசியைத் தேடிப் போகிறோம். ஆபத்தும் அங்கேதான்.

ஊசியில் என்ன இருக்கிறது?
பெரும்பாலும் குளுட்டாதயோன் என்ற மருந்து. தோலை வெளுக்க வைக்க இந்த ஊசிக்கு நம் நாட்டில் அனுமதி கிடையாது.

நோய் எப்படித் தொற்றுகிறது?
ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போட்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் தொற்றலாம். பின்னவை இரண்டும் ஈரலைக் கெடுப்பவை. "ஊசியை மாத்திட்டாங்களே" என்று நிம்மதியாக இருக்க முடியாது. பழைய சிரிஞ்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஏறியிருக்கும். அதை மருந்து பாட்டிலுக்குள் விட்டால் மொத்த மருந்தும் கெட்டது. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாள்கூட உயிரோடு இருக்கும். சுத்தமில்லாத ஊசியால் போட்ட இடம் சீழ் பிடிப்பதும் உண்டு.

உண்மையில் நடந்தது
அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஓர் அழகு நிலையம். வருபவரின் ரத்தத்தையே எடுத்து, ஊசியால் முகத்தில் ஏற்றுவார்கள். அங்கே போன ஒரு பெண்ணுக்கு 2018-ல் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அதிகாரிகள் போய்ப் பார்த்தால், பெயர் எழுதாத ரத்தக் குழாய்கள் ஃபிரிட்ஜில் சாப்பாட்டோடு இருந்தன. பிரித்த சிரிஞ்சுகள் மேசை டிராயரில் கிடந்தன. குறைந்தது மூன்று பெண்களுக்கு அங்கேதான் தொற்றியிருக்க வேண்டும் என்று 2024-ல் அறிக்கை வந்தது. வசதியான நாட்டிலேயே இந்த நிலை என்றால், கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன ஆகும்?

என்ன செய்யலாம்?
- பார்லரில் எந்த ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டாம்.
- மருத்துவமனையிலும் சிரிஞ்சு, ஊசி இரண்டும் புதிதா என்று பார்த்து, கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை.
- சந்தேகமான ஊசி போட்டு 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்வார்.
- முன்பே போட்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். ஹெபடைடிஸ் பரிசோதனையும் கேளுங்கள். ஹெபடைடிஸ் சி மாத்திரையில் குணமாகும். பி-க்குத் தடுப்பூசி உண்டு. விவரம் கேட்க 1097-க்குப் பேசலாம், கட்டணம் இல்லை.

குழுக் கூட்டத்தில் பேச
1. நம் ஊரில் இப்படி ஊசி போடும் இடம் உண்டா?
2. இதற்காகக் குழுவில் யாராவது கடன் கேட்டால் என்ன சொல்வோம்?
3. "பொண்ணு கறுப்பு" என்று முதலில் சொல்வது யார்? நாமும்தானா?